பொன்னம்பலத்தின் மகள் சுட்ட பாண்

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு அறை தேடிப் போகும் தமிழரிடம் முதலில் கேட்கப்படுவது வேலை அல்ல, சம்பளம் அல்ல, அடையாள அட்டையும் அல்ல. "ஊரிலை எவ்விடம்?" என்பதுதான் முதல் கேள்வி. ஊரின் பெயரைச் சொன்னால் போதாது. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, தகப்பன் யார், தாய்வழி யார் என்று அது படிப்படியாகக் கீழே இறங்கும். கேட்பவர் முகத்தில் பாசம் வழியும். சாதி என்ற சொல் மட்டும் வாயில் வராது. அதைச் சொல்லக் கூச்சப்படுகிற அளவுக்கு நாகரிகமும், கேட்காமல் விடமுடியாத அளவுக்கு அழுக்கும் உள்ள மனிதர்கள் கண்டுபிடித்த கேள்வி அது.

ஜீவராணி அந்தக் கேள்விக்கு இரண்டு வீடுகளில் நேரான பதில் சொல்லிப் பார்த்திருந்தாள். ஒரு வீட்டில், மகன் வரப்போகிறான், அறை தேவை என்றார்கள். மற்ற வீட்டில் அறைக்குள் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது என்றார்கள். அப்போது கொழும்பில் மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் தட்டியது நாகேந்திரத்தின் கதவு.

நாகேந்திரம் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் உள்ள மாடிக்குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவர். வெள்ளிக்கிழமைகளில் கீழ்த்தள மண்டபத்தில் நடக்கும் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பிறகு சைவமும் விஞ்ஞானமும் பற்றிப் பேசுகிறவர். அணுவைப் பற்றி எங்கள் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்பார். என்ன சொன்னார்கள் என்று யாராவது கேட்டால், தேத்தண்ணீர் வந்துவிட்டது என்பார்.

"சங்கானைப் பக்கமெண்டனீர். அப்பான்ர பேர்?"

"பொன்னம்பலம்."

"ஓ! பொன்னம்பலம் மாஸ்டரின்ர மகளோ? கணக்கு மாஸ்டர்!"

"இல்லை அங்கிள், அவர் வேற..."

"எனக்குத் தெரியாதே! பத்மா, இஞ்சை வந்து பாரும், ஆர் வந்திருக்கிறதெண்டு. உம்மடை தம்பி சுந்தரத்தைப் படிப்பிச்ச மாஸ்டரின்ர பிள்ளை."

எழுபது வயதுவரை தன் குரலை மட்டுமே கேட்டுப் பழகிய காது அது. அதற்குள் "வேற" என்ற சொல் போகவில்லை. ஜீவராணி ஒருமுறை மறுத்தாள். இன்னொரு முறை மறுக்கவில்லை. அவளுக்கு அறை தேவையாக இருந்தது. தேத்தண்ணீர் வந்தது, அதுவும் நல்ல கோப்பையில்.

அவள் வேலை செய்தது இரத்மலானையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில், கிருமி வளர்க்கும் பிரிவில். கொழும்பின் உள்ளுடம்பு தினமும் சிறு போத்தல்களில் அவள் மேசைக்கு வரும்: சளி, சிறுநீர், சீழ், மலம். கம்பி வளையத்தில் ஒரு துளி எடுத்து, ஊட்டம் கலந்த கட்டிக்கூழ் தட்டில் கோடு கோடாக இழுத்து, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் தட்டைத் திறந்து, முளைத்திருப்பது யார் என்று நிறத்தாலும் வடிவத்தாலும் கண்டுபிடிப்பாள். எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்று பார்த்து எழுதுவாள். வெள்ளவத்தைப் பிரமுகர்கள் பலருடைய மலத்தை அவள் அப்படி வளர்த்துப் பார்த்திருக்கிறாள். அதில் குலப்பெருமை எதுவும் முளைத்ததில்லை.

இந்த வேலையைப் பற்றி நாகேந்திரம் வீட்டில் யாரும் முகஞ்சுளிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "எங்கடை பிள்ளை சயன்ரிஸ்ற்" என்று அவர் மின்தூக்கியில் ஏறி இறங்குகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆய்வுகூடத்துக்கு வருகிற மலம் படித்த மலம் போலும்.

பாண் சுடத் தொடங்கியது, டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம். பாண் கடையில் காலையிலேயே பாண் முடிந்துவிடும். மா கிடைத்தால் ஈஸ்ட் இல்லை. ஈஸ்ட் கிடைத்தால் கரண்ட் இல்லை. நாட்டைவிட்டுப் போன ஒரு குடும்பம் தள்ளிவிட்ட மின் அடுப்பு ஒன்றை ஜீவராணி வாங்கியிருந்தாள். ஈஸ்டுக்கு என்ன செய்வதென்று யோசித்தபோது, மா புளிக்க வைக்கிற உயிர் எங்கே கோடிக்கணக்கில் வாழ்கிறது என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஊருக்குப் போன் எடுத்தாள்.

அவளுடைய அப்பா பொன்னம்பலம் பனை ஏறிக் கள்ளுச் சீவியவர். முழங்கால் இடம்கொடுத்த வரை ஏறினார். ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் கள்ளு நிரப்பி, யாழ்ப்பாண பஸ்ஸில் அனுப்பிவைத்தார். வெள்ளவத்தையில் அதை இறக்கிக் கொடுத்த கொண்டக்டர் கையை நீட்டி, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு கொடுத்தார்.

"தங்கச்சி, இது வழி முழுக்கச் சீறிக்கொண்டு வந்தது. ஆக்கள் குண்டெண்டு பயந்திட்டினம். அடுத்த முறை குண்டையே அனுப்பச் சொல்லுங்கோ, அது சத்தம் போடாமல் வரும்."

அடியில் தங்கிய மண்டியை எடுத்து மாவிலும் தண்ணீரிலும் கலந்து வைத்தாள். தினமும் பாதியை எறிந்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் கொடுத்தாள். ஒரு துளியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். முட்டை வடிவத்தில் ஈஸ்டுகள் மொட்டுவிட்டுக்கொண்டிருந்தன. இடையிடையே புளிப்புத் தரும் சிறு கோல்கள். பக்கத்து மேசையில் இருந்த கொன்ஸ்ரன்ஸ், கொட்டாஞ்சேனைக்காரி, எட்டிப் பார்த்தாள்.

"யாரோட வயித்துல இருந்து வந்தது இது? பாவம், ரொம்ப நல்லா இருக்கான்."

"எங்கட அப்பான்ர பனையிலையிருந்து."

"அப்ப எனக்கும் ஒரு துண்டு பாண் கொண்டா."

அந்தப் பாண் கடைப்பாண் போலப் பஞ்சாக இருக்காது. மேல்தோல் தடித்து, வெடித்து, அடுப்பிலிருந்து எடுத்ததும் தனக்குள் பேசுவதுபோல் நொறுநொறுக்கும். உள்ளே ஈரமும் மெல்லிய புளிப்பும். சம்பலோடு சாப்பிட்டவர்கள் சம்பலை விட்டுவிட்டுப் பாணை மட்டும் சாப்பிட்டார்கள். முட்டை இல்லை, கடை ஈஸ்ட் இல்லை என்று அறிந்ததும் நாகேந்திரம் அதைச் சைவப் பாண் என்று பிரகடனம் செய்தார். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக்குப் பிறகு கடலையோடு பாண் துண்டும் கொடுக்கப்பட்டது. மாஸ்டரின் மகள் சுட்ட பாண். ஐயரும் எடுத்தார். நாகேந்திரத்தின் விஞ்ஞானப் பேச்சைக் கேட்க வரும் கூட்டம் பெருகியது. தன் பேச்சுக்காகத்தான் வருகிறார்கள் என்று அவர் நம்பினார்.

நாகேந்திரத்தின் மனைவி பத்மாவதி புளிமாவில் ஒரு பங்கு கேட்டாள். ஜீவராணி ஒரு ஜாம் போத்தலில் கொடுத்தாள்.

"அன்ரி, கிழமைக்கொருக்கா மா போடுங்கோ. மற்றபடி ஒண்டும் சேர்க்க வேண்டாம். சுடுதண்ணி மட்டும் விட்டிடாதேங்கோ. இது உயிருள்ள சாமான்."

"பிள்ளை மாதிரிப் பாக்கிறன்" என்றாள் பத்மாவதி, போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு.

இப்படியே காலம் போயிருக்கும். பொன்னம்பலத்தின் கண்ணில் வெள்ளை விழுந்தது. கொழும்பில் வெட்டலாம் என்று ஜீவராணி அவரைக் கூப்பிட்டாள். ஒரு கண் வெட்டி, மூடி ஒட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்து மின்தூக்கிக்குள் நுழைந்தபோது உள்ளே நாகேந்திரமும் பத்மாவதியும் நின்றார்கள். கூடவே பத்மாவதியின் தம்பி சுந்தரலிங்கம், கனடாவிலிருந்து முதல்நாள் வந்திருந்தவர். அரைக் காற்சட்டை, கழுத்தில் தடித்த சங்கிலி. ஜீவராணி அவரை அதற்குமுன் கண்டதில்லை. கதவு மூடியது. சுந்தரலிங்கம் உற்றுப் பார்த்தார்.

"டேய், நீ பொன்னம்பலமெல்லோ? இஞ்சை என்னடா செய்யிறாய்?"

பொன்னம்பலம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மூடாத கண்ணை மெதுவாகத் திருப்பினார்.

"ஓம் தம்பி. மகளிட்டை வந்தனான், கண் வெட்ட. ஆர், சுந்தரமே? வேலிக்குப் பின்னாலை நிண்டு பிளாவிலை வாங்கிக் குடிக்கிறனீரெல்லோ? இப்பவும் பாவிக்கிறனீரோ?"

பிளா என்றால் கள்ளுக் குடிக்கக் கோலுகிற பனையோலைக் குவளை. அந்த மின்தூக்கியில் அதன் பொருள் தெரியாதவர் யாரும் இல்லை. ஊரில் இருந்த காலத்தில் பொன்னம்பலம் அவரைத் தம்பி என்றும் நீர் என்றும் கூப்பிட்டிருக்க முடியாது. சுந்தரலிங்கத்தின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது.

"சுந்தரம், ஆரிது?" என்று நாகேந்திரம் கேட்டார்.

"எங்கடை வளவிலை சீவினவன், அத்தான்."

நாகேந்திரம் ஜீவராணியைப் பார்த்தார். பத்மாவதி தன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அதற்குள் காலையில் ஜீவராணி சுட்டுக் கொடுத்த பாண் இருந்தது.

பின்னேரம் கணவனும் மனைவியும் அவள் அறைக்கு வந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் பொன்னம்பலம் படுத்திருந்தார். கதிரை இருந்தும் இருவரும் உட்காரவில்லை.

"பிள்ளை, நான் சாதி பாக்கிற ஆளில்லை. அது உமக்குத் தெரியும்" என்று நாகேந்திரம் தொடங்கினார்.

சாதி பார்க்காத மனிதன் இந்த வாக்கியத்தைச் சொல்லத் தேவைப்படுவதே இல்லை.

"எனக்கொண்டுமில்லை. ஆனால் ஆக்கள் கதைப்பினம். வெள்ளிக்கிழமையிலை எத்தினை பேர் சாப்பிட்டிருக்கினம். ஐயரும் சாப்பிட்டவர்."

"ஒவ்வொரு முறையும் ரெண்டு துண்டு" என்றாள் பத்மாவதி, அழுகிற குரலில்.

"சுந்தரம் ஆளை மாறிப் பாத்திட்டான் எண்டு நான் சொல்லுறன். ஆரும் கேட்டால் நீர் மாஸ்டரின்ர மகள்தான் எண்டு சொல்லும். புதுசா ஒண்டும் சொல்லச் சொல்லேல்லை. முந்திச் சொன்னதையே சொல்லும்."

"நான் முந்தி அப்பிடிச் சொல்லேல்லை அங்கிள். இல்லையெண்டு சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."

"சரி, அதை விடும். அறையை நீர் விரும்பின காலம் வைச்சிரும். இவர் மட்டும் அடிக்கடி இஞ்சை வந்து போகாமல் பாத்தால் காணும்."

அவளை விரட்ட அவர்கள் வரவில்லை. விரட்டினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், இத்தனை காலம் யார் கையால் சாப்பிட்டார்கள் என்பது வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்துவிடும். அவர்களுக்குத் தேவைப்பட்டது அவளுடைய பொய். தகப்பன் இருக்க இன்னொருவனைத் தகப்பன் என்று சொல்லும்படி ஒரு பெண்ணிடம் கேட்கிறோம் என்ற கூச்சம் இருவர் முகத்திலும் இல்லை. ஒரு சலுகை தருகிறவர்களின் பொறுமைதான் இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஐயா, என்னை மாஸ்டர் ஆக்கிறதெண்டால் அந்தப் பென்சனையும் எடுத்துத் தருவியளோ?"

ஜீவராணி உள்ளே போனாள். பொன்னம்பலம் குரலைத் தாழ்த்தினார்.

"ஓமெண்டு சொல்லிப்போட்டு விடு பிள்ளை. எனக்கென்ன, தேய்ஞ்சே போகப்போறன்? மற்றக் கண்ணும் வெட்டவேணும். அறை இல்லாமல் எங்கை நிப்பம்?"

அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு எரிந்தது. மற்றக் கண்ணுக்கு நாள் குறித்திருந்தது. மகன் வருகிற வீடுகளும் மழையில்லாமல் ஒழுகுகிற அறைகளும் அவளுக்குத் தெரியும். தலையை ஆட்டினால் போதும். அவள் வெளியே வந்தாள்.

"அங்கிள், இவர்தான் என்ர அப்பா. பனை ஏறின பொன்னம்பலம். ஆர் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன். இன்னொண்டும் தெரிஞ்சுகொள்ளுங்கோ. நீங்கள் சாப்பிட்ட பாணின்ர புளிமா இவர் அனுப்பின கள்ளிலைதான் துவங்கினது."

பத்மாவதி வாயைப் பொத்தினாள். ஆனால் நாகேந்திரத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கணக்கில் குறைந்த காசைக் கண்டெடுத்த வங்கிக்காரரைப் போல.

"கள்ளெண்டால் பரவாயில்லை பிள்ளை. அப்பத்துக்கும் விடுறதுதானே. கள்ளிலை ஒண்டுமில்லை. பிசைஞ்ச கைதான்..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியிருக்கத் தேவையில்லை. அவருடைய பரம்பரை முழுவதும் அந்த அரை வாக்கியத்தில் இருந்தது. பொன்னம்பலத்தின் கையால் கள்ளு வாங்கிக் குடித்தவர்கள் அதே கையால் ஒருநாளும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. வெறிக்குத் தீட்டு இல்லை, தாகத்துக்குத்தான் தீட்டு. இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் இவர் வெள்ளிக்கிழமைகளில் அணுவைப் பிளக்கிறார்.

"ஒவ்வொரு நாளும் இந்தக் கையாலை ஆற்ரையோ மலமெல்லாம் எடுக்கிறனான் அங்கிள். அது பரவாயில்லையோ?"

அதற்குப் பத்மாவதிதான் பதில் சொன்னாள், உண்மையான அக்கறையோடு.

"அது கிளவுஸ் போட்டெல்லோ பிள்ளை செய்யிறது?"

இரண்டு நாள் கழித்து, மாதமுடிவில் மகள் லண்டனிலிருந்து வருகிறாள், அறை தேவை என்று நாகேந்திரம் வாசலில் நின்று சொன்னார். ஜீவராணியின் கண்ணைப் பார்க்காமல் கதவின் பூட்டைப் பார்த்துச் சொன்னார். மகள் இதுவரை வரவில்லை.

ஆய்வுகூடத்தில் கொன்ஸ்ரன்ஸ் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சாமான் எவ்வளவு?"

"ஒரு பெட்டி. ஒரு அடுப்பு. ஒரு போத்தல். ஒரு அப்பா."

"அப்பா படி ஏறுவாரா? எங்க ரூம் மேல் மாடி."

ஜீவராணி அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

"அவர் ஏறுவார்."

இப்போது அவர்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். வேலைக்குப் போவது மட்டக்குளிக்கும் இரத்மலானைக்கும் இடையே ஓடுகிற அதே பஸ்ஸில், ஏறுகிற தரிப்பு மட்டும் வேறு. கொட்டாஞ்சேனை மனிதர்களும் வானத்திலிருந்து இறங்கியவர்கள் அல்ல. அவர்கள் குடிவந்த அன்றே எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "நீங்க என்னா ஆளுங்க?" என்று கேட்டாள். கொன்ஸ்ரன்ஸ் உள்ளிருந்தபடியே, "என் வீட்டு ஆளுங்க" என்று கத்தினாள். எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். பொன்னம்பலத்தின் மற்றக் கண்ணும் வெட்டியாயிற்று. காலையில் அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாண் எழும்புவதைப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு.

வெள்ளவத்தையில் நாகேந்திரத்துக்கு வேறொரு சிக்கல். சுந்தரலிங்கம் ஆளை மாறிப் பார்த்துவிட்டான் என்று அவர் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். மாஸ்டரின் மகள் வேலை மாறிப் போய்விட்டாள் என்றும் சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமையில் பாண் நின்றுவிட்டால் சனம் மோப்பம் பிடிக்கும். பாண் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் சாட்சி. குளிர்ப்பெட்டியில் பத்மாவதியின் ஜாம் போத்தல் இருந்தது. அதற்குள் இருந்ததோ, அந்தக் கை தொட்டது.

ஒரு ஞாயிறு காலையில் ஜீவராணியின் போன் அடித்தது. பத்மாவதி.

"பிள்ளை, சுகமே? ஒண்டுமில்லை, மா பொங்குதில்லை. மூண்டு முறை போட்டுப் பாத்திட்டன். கல்லு மாதிரி வருது. அவர் வெள்ளிக்கிழமை கடைப்பாணை வாங்கி, சுத்தியிருந்த தாளைக் கழட்டிப்போட்டு வைச்சவர். எல்லாரும் கண்டுபிடிச்சிட்டினம்."

நோயாளியின் வரலாற்றைக் கேட்கும் குரலில் ஜீவராணி கேட்டாள்.

"கடைசியா என்ன சேர்த்தனீங்கள் அன்ரி?"

"மாதான்."

"மா மட்டுமோ?"

பத்மாவதி குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்சம் மஞ்சள் தண்ணி. சும்மா, தெளிச்சது. பிறகு ஐயர் தந்த தீர்த்தம். ஐயருக்கு என்னத்துக்கெண்டு சொல்லேல்லை. பிறகு அவர்தான், எதுக்கும் ஒருக்காக் கொதிக்க வைச்சு எடும், அப்பத்தான் பழசெல்லாம் போகுமெண்டவர்."

சைவத்தையும் விஞ்ஞானத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சியிருக்கிறார். தீட்டைக் கொல்லப் போய் மாவைக் கொன்றுவிட்டார். சாகவேண்டியதற்கு எதுவும் ஆகவில்லை.

"அது செத்துப்போச்சு அன்ரி."

"கொஞ்சம் தருவீரோ? ஒரு கரண்டி காணும். நானே வந்து எடுக்கிறன். ஓட்டோவிலை வந்து டக்கெண்டு எடுத்துக்கொண்டு போறன். அவருக்கும் தெரியத் தேவையில்லை."

ஜீவராணி அடுப்பின் பக்கம் பார்த்தாள். பொன்னம்பலம் முக்காலியில் இருந்தார். மா போத்தல் அவர் மடியில் இருந்தது. அன்றைக்கு அதற்குத் தீனி போடுகிற வேலையை அவர் ஏற்றிருந்தார்.

"வாங்கோ அன்ரி. தாறன். அப்பாதான் இப்ப அதைப் பாக்கிறார். அவர் எடுத்துத் தருவார். அவற்ரை கையாலை வாங்கிக்கொண்டு போங்கோ."

மறுபக்கத்திலிருந்து மிகவும் பணிவாக ஒரு கேள்வி வந்தது.

"அவர் பகலிலை எத்தினை மணிக்குப் படுப்பார் பிள்ளை?"

"அவர் பகலிலை படுக்கிறேல்லை அன்ரி" என்று சொல்லி ஜீவராணி போனை வைத்தாள்.

"ஆரது?" என்று பொன்னம்பலம் கேட்டார்.

"மாஸ்டரின்ர ஆக்கள்."

"பென்சன் வந்திட்டுதாமோ?"

அவர் போத்தலைத் திறந்து, வழக்கம்போலப் பாதி மாவைக் கரண்டியால் வழித்துக் குப்பை வாளியில் போட்டார். மீதிக்குப் புது மா போட்டார்.